முதலாளிக்கு ஊற்றிய காப்பி

எண்பதுகளில் அக்கா, தில்லை நகருக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் குவளைப் பட்டறையில் வேலை பார்த்தாள். விற்காது என்று கழித்துப் போட்ட குவளைகளில்தான் அங்கே பெண்களுக்குக் கொதிக்கக் கொதிக்க டீ. முதலாளிக்கு மட்டும் எவர்சில்வர் டம்ளர்.

மகள் கல்யாணப் பத்திரிகையோடு அவர் எங்கள் ஸ்ரீரங்கத்து வீட்டுக்கு வந்தபோது, அக்கா பட்டறையிலிருந்து கொண்டுவந்திருந்த அந்தக் கழித்த குவளை ஒன்றில் சுடச்சுடக் காப்பியை ஊற்றி நீட்டினாள்.

"டம்ளர் இல்லையாம்மா? இதுல ஏதோ வாடை வருதே."

"உங்க சரக்குதாங்க. எங்களுக்குப் பழகிடுச்சு, நீங்களும் பழகிக்குங்க."

அவர் உதடுகூட நனைக்காமல் எழுந்து போனார். மறுநாளே அக்காவுக்கு வேலை போயிற்று, அவள் சிரித்தாள்.

சூட்டில் பிளாஸ்டிக்கிலிருந்து கசியும் ரசாயனம், நம் உயிரணுக்களைக் காக்கும் ஆக்சிஜனேற்றத் தடுப்பான்களையே அரித்துவிடக்கூடும் என்று இப்போது படிக்கிறேன். அக்கா குடித்த அத்தனை டீயும் எனக்குள் கொதிக்கிறது. அன்று கதவைச் சாத்தி, கடைசிச் சொட்டுவரை அவரைக் குடிக்க வைத்திருக்க வேண்டும்.