வடிகாலுக்குக் காட்டிய கற்பூரம்

போன வாரம் ஒரு வடிகாலுக்குக் கற்பூரம் காட்டிவிட்டு வந்தேன்.

சிரிக்காதீர்கள். முழுசாகச் சொல்லி முடிக்கிறேன், அப்புறம் சிரிக்கலாம். நாவல் எழுதுகிறவளுக்கு என்னென்ன வேலையெல்லாம் வந்து சேர்கிறது பாருங்கள்!

இந்தப் பத்தியை வாரா வாரம் படிக்கிறவர்களுக்குத் தெரியும், ரொம்ப நாளாக ஒரு நாவலை இழுத்துக்கொண்டிருக்கிறேன். கதாநாயகி பெயர் வசுமதி. வயது ஐம்பத்தாறு. அவள் வளர்ந்து பெரியவளாகிற கதை.

"ஐம்பத்தாறு வயசுல இடுப்பைத் தவிர வேற என்ன வளரும்?" என்று கேட்காத ஆளில்லை. சென்னையில் என் புத்தகத்தைக் கவனிக்கும் பதிப்பகத்துப் பெண்ணுக்கு என் மகள் வயது. அவள் போனில் தயங்கித் தயங்கிச் சொன்னாள். "மேடம், இந்த மாதிரி கதைன்னா பொதுவா இருபது, இருபத்திரண்டு வயசு... காலேஜ், லவ், முதல் வேலை..."

அதையெல்லாம் எழுதியாகிவிட்டது. என் பழைய நாயகிகள் அத்தனை பேருக்கும் இருபது வயதுதான். ஜன்னலோரம் நிற்பார்கள். வெளியே மழை பெய்யும். கடைசிப் பக்கத்தில் துணிந்து ஒரு முடிவெடுப்பார்கள். நிஜத்தில் நம் பக்கத்தில் எந்தப் பெண் இருபது வயதில் முடிவெடுத்தாள், சொல்லுங்கள்? இருபதில் நமக்கெல்லாம் கல்யாணம் ஆயிற்று. அவ்வளவுதான்.

ஒரு பெண் உடம்பால் பெரியவளானால் பந்தல் போடுகிறோம், மைக் செட் கட்டுகிறோம், தாய்மாமன் சீர்வரிசையோடு வந்து இறங்குகிறார். மனசால் பெரியவளாகிற நாள் என்று ஒன்று இருக்குமே... அது எப்போது வந்தது, எப்போது போனது என்று அவளுக்கே தெரிவதில்லை. அந்த ஒரு நாளைத்தான் வசுமதிக்காகத் தேடிக்கொண்டிருந்தேன்.

நான் எழுதுவது மத்தியானத்தில். சாப்பாட்டு மேஜையைத் துடைத்துவிட்டு உட்கார்ந்தால், தஞ்சாவூர் வெயில் ஜன்னல் கம்பிகளைத் தரையில் நீளமாகப் படுக்க வைத்திருக்கும். ஃபேன் காற்றில் காகிதங்கள் படபடக்கும். தெருவில் ஒரு சத்தம் இருக்காது. எழுதுகிறேனா தூங்குகிறேனா என்று எனக்கே பிடிபடாத நேரம் அது. அந்த நேரம் பார்த்து வசுமதி வருவாள். எதிர் நாற்காலியில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொள்வாள். அப்புறம் என்ன என்பதுபோல என்னைப் பார்ப்பாள். அப்புறம் என்ன என்று எனக்கு மட்டும் தெரியுமா?

வசுமதிக்கு ஓர் அசல் உண்டு. என் கணவரின் தங்கை விஜயா. கீழ்வேளூர் பக்கத்தில் ஒரு கிராமத்தில் வாழ்க்கைப்பட்டவள். இதில் ஒளிவுமறைவு ஒன்றுமில்லை, அவளிடம் சொல்லிவிட்டுத்தான் எழுத ஆரம்பித்தேன். "எழுதுங்க அண்ணி. ஆனா என்னைக் கொஞ்சம் ஒல்லியா எழுதுங்க" என்றாள்.

விஜயாவுக்கு ஒரு வாக்கியம் உண்டு. 'அவரைக் கேட்டுச் சொல்றேன்.' புடவை மூட்டையோடு வருகிறவரிடம், சீட்டுப் பிடிக்கிற அம்மாவிடம், சுண்ணாம்பு அடிக்க வந்தவரிடம் என்று எல்லாரிடமும் அதே வாக்கியம். ஒரு கல்யாணப் பந்தியில் சாம்பார் வாளியோடு நின்றவரிடமும் சொன்னாள் என்று என் கணவர் கேலி செய்வார். அது கொஞ்சம் அதிகம். ஆனால் ரொம்ப அதிகமில்லை.

அவள் கணவர் தவறிப்போன பிறகு வாக்கியம் கொஞ்சம் மாறியது. 'கார்த்தியைக் கேட்டுச் சொல்றேன்.' கார்த்தி அவளுடைய ஒரே பையன். பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை, நல்ல பிள்ளை. "நிலத்தைக் குத்தகைக்கு விட்டுட்டு, வீட்டைப் பூட்டிட்டு எங்கூட வந்துடும்மா" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தான்.

இந்த வருஷம் அவளுக்கு என்ன தோன்றியதோ! "இந்த ஒரு போகம் நானே பண்றேன்டா" என்றுவிட்டாள்.

பத்து மா நிலம், அதாவது மூன்று ஏக்கருக்குக் கொஞ்சம் மேல். ஆனால் அந்த வீட்டுப் பெண்கள் வயலில் இறங்குகிற வழக்கமே கிடையாது. கல்யாணமான நாளிலிருந்து அந்த நெல்லைத்தான் பொங்கித் தின்கிறாள். நிலம் எங்கே என்று கேட்டால் கையை நீட்டிக் காட்டுவாள். அதற்கு மேல் தெரியாது. கார்த்தியும் அரை மனதாகச் சம்மதித்தான். "சரிம்மா, பயிர் நல்லா வந்தா நீ இங்கயே இரு. இல்லேன்னா நான் சொல்றதைக் கேக்கணும்."

ஆவணியில் காய்ந்த புழுதியிலேயே நெல்லை விதைத்துவிட்டுத் தண்ணீருக்குக் காத்திருப்பது அந்தப் பக்கத்து வழக்கம். அவளும் ஆள் வைத்து விதைத்தாள். காத்திருந்தாள்.

கீழ்வேளூர் பக்கமெல்லாம் கடைமடை. ஊருக்கெல்லாம் பாய்ந்துவிட்டுக் கடைசியாகத்தான் காவிரி அங்கே எட்டிப் பார்க்கும். இங்கே நாங்கள் ஆடிப்பெருக்குக்குப் புளியோதரை கட்டிக்கொண்டு படித்துறைக்குப் போய், தின்று, ஏப்பமும் விட்டிருப்போம். அங்கே வாய்க்காலுக்குள் ஆடு மேய்ந்துகொண்டிருக்கும். அதனால்தான் தண்ணீர் வந்து சேர்ந்தால் பூ தூவி, நெல் தூவி, கற்பூரம் காட்டி வரவேற்பார்கள். இந்த வருஷம் இன்னும் தாமதம். "இன்னிக்கும் வரல அண்ணி. குருவி வந்து விதையைப் பொறுக்குது" என்று தினம் போன் செய்வாள்.

இங்கே என் பாடும் அதேதான். கடைசி அத்தியாயம் வரவில்லை. என் கணவர் ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியர். இத்தனை வருஷமாக என் முதல் வாசகரும் அவர்தான். பென்சிலோடு உட்கார்ந்து படித்துவிட்டு ஓரத்தில் எழுதினார்: 'வசுமதி மகனோடு போய்விடட்டும். அதுதான் யதார்த்தம்.' தங்கையைப் பற்றியும் அவருக்கு இதே கருத்துதான். "பாவம், அவளுக்கு என்ன தெரியும்?" என்பார். பாசத்தில் சொல்வதுதான். நானும் அப்படியே எழுதினேன். வசுமதி பெட்டி கட்டி ரயிலேறினாள். அத்தியாயத்தைச் சென்னைக்கு அனுப்பியும் விட்டேன். அதற்குப் பிறகு மத்தியானங்களில் அவள் வரவில்லை. நானும் எதிர் நாற்காலியில் துவைத்த துணிகளைப் போட ஆரம்பித்தேன்.

அப்போதுதான் விஜயா போன் செய்தாள். குரல் இறங்கியிருந்தது. "அண்ணி, கார்த்தி வந்திருக்கான். குத்தகைக்கு ஆளும் பார்த்துட்டானாம். நாளைக்கு மதியம் அவரு பேச வர்றாராம். நீங்க வர்றீங்களா?"

பஸ் ஏறிவிட்டேன். போய்ச் சேர்ந்த சாயங்காலம் மேற்கே வானம் மின்னிக்கொண்டே இருந்தது. விஜயாவின் ஊரில் ஒரு சொட்டு விழவில்லை.

விடிந்தும் விடியாமலும் விஜயா என்னை உலுக்கினாள். "அண்ணி! எந்திரிங்க. தண்ணி வந்துடுச்சு!"

அவள் கையில் ஒரு தட்டு. செம்பருத்தி, ஒரு பிடி நெல், கற்பூரம். முகத்தைக் கழுவினேனா இல்லையா என்று நினைவில்லை. வரப்பில் அவள் பின்னால் நடந்தேன். எங்களுக்குப் பின்னால் கொட்டாவி விட்டபடி, போனும் கையுமாகக் கார்த்தி. புகைபோல லேசான பனி வயல்மேல் படுத்திருந்தது. பனைமரங்களுக்குப் பாதி உடம்புதான் இருந்தது. எங்கோ ஒரு கொக்கு, அதுவும் கனவில் நிற்பதுபோல ஒற்றைக்காலில் நின்றது.

தண்ணீர் வந்துகொண்டுதான் இருந்தது. அவசரமே இல்லாமல், நுரையை முன்னால் தள்ளிக்கொண்டு, சருகுகளையும் ஒரு பழைய ரப்பர் செருப்பையும் சுமந்துகொண்டு... விஜயா கரையில் மண்டியிட்டு ஒரு பூவரச இலையில் கற்பூரத்தை ஏற்றினாள். நான் நெல்லைத் தூவிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டேன். நாலைந்து நாவல்களில் காவிரியை வர்ணித்தவள் ஆயிற்றே! உள்ளே என்னமோ கரைந்தது. வசுமதிகூடப் பக்கத்தில் வந்து நிற்பதுபோல இருந்தது.

"அக்கா! என்னக்கா பண்றீங்க? அது வடிகாலுக்கா!"

கண்ணைத் திறந்தேன். எதிர்க்கரையில் மொபெட்டை நிறுத்திவிட்டு ஒருவர் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். செல்வம், அந்த ஊரில் டீசல் இன்ஜின் வாடகைக்கு விடுகிறவர்.

விஷயம் இதுதான். நிலத்துக்கு மேல்பக்கம் ஓடுவது பாசன வாய்க்கால். தண்ணீர் வருகிற வழி அது. கீழ்ப்பக்கம் ஓடுவது வடிகால். வயல்களில் மிஞ்சிய தண்ணீர் வடிந்து வெளியேறுகிற வழி. மேற்கே பெய்த மழையும், மேல்மடை வயல்களின் மிச்சமும் சேர்ந்து வடிகாலில் வந்திருக்கின்றன. திரும்பிப் பார்த்தேன். வாய்க்காலில் வழக்கம்போல ஆடு மேய்ந்துகொண்டிருந்தது.

நாங்கள் இரண்டு பெண்களும் கழிவுநீருக்குக் கற்பூரம் காட்டியிருக்கிறோம்!

எனக்குச் சிரிப்பு வந்தது. கார்த்தி சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை. "வாய்க்கால் எது, வடிகால் எதுன்னே தெரியல. நீ எப்படிம்மா வெள்ளாமை பண்ணுவ?" என்றான். குரலில் கோபம் இல்லை, கவலைதான். கோபம் என்றால் எதிர்த்துப் பேசலாம், கவலையை என்ன செய்வது? "போதும்மா. மதியம் அவரு வருவாரு. பேசி முடிச்சிடலாம்."

விஜயா எழுந்திருக்கவில்லை. கற்பூரம் இன்னும் எரிந்துகொண்டிருந்தது. எனக்கு என் கணவரின் பென்சில் எழுத்து கண்முன் வந்தது. யதார்த்தம் ஜெயித்துவிட்டது என்றுதான் நினைத்தேன்.

அவள் தண்ணீரையே பார்த்துக்கொண்டு கேட்டாள். "ஏன் தம்பி, இது எங்கேருந்து வருது?"

"மேல இருக்கற ஊர் வயல்லேருந்துதான்க்கா. அவங்க பாய்ச்சினது போக மிச்சம். கொஞ்சம் மழைத் தண்ணி."

"அப்போ இதுவும் காவேரிதானே?"

செல்வம் தலையைச் சொறிந்தார். "காவேரிதான்க்கா. எல்லார் வயல்லயும் பூந்து வந்த காவேரி."

"கடல் பக்கமாச்சே, உப்பு கிப்பு ஏறியிருக்குமா?"

அவர் இறங்கி ஒரு கை அள்ளி வாயில் வைத்துப் பார்த்தார். "இல்லக்கா, நல்ல தண்ணிதான்."

"உங்க இன்ஜினை வெச்சு இறைச்சா என் வயலுக்கு ஏறுமா?"

"தாராளமா ஏறும். இங்க நிறைய பேரு அப்படித்தான் இறைக்கிறாங்க. கார்த்தித் தம்பியக் கேட்டுக்கிட்டுச் சொல்லுங்க, கொண்டாறேன்."

கேட்க வேண்டிய ஆள் பக்கத்திலேயே நின்றான். விஜயா அவன் பக்கம் திரும்பினாள். அடுத்து என்ன வரும் என்று எனக்குத் தெரியும். எத்தனை வருஷமாகக் கேட்ட வாக்கியம்! நாவலிலும் பக்கத்துக்குப் பக்கம் எழுதியிருக்கிறேன். அவள் உதடுகூட அதற்காகக் குவிந்துவிட்டது. கார்த்தியும் வாயைத் திறந்துவிட்டான்.

"கேக்க வேணாம் தம்பி. இப்பவே கொண்டாங்க" என்றாள் விஜயா.

அவ்வளவுதான். இடி இடிக்கவில்லை. வாய்க்காலில் ஆடு ஒன்று கத்தியது. செல்வம் மொபெட்டைக் கிளப்பினார்.

"அம்மா..." என்றான் கார்த்தி.

"மதியம் வர்றவரை வர வேணாம்னு போன் பண்ணிடு. நீ போயி இட்லி சாப்பிடுடா, ஆறிடும்."

இன்ஜின் வந்தது. குழாயிலிருந்து தண்ணீர் பாய்ந்து விழுந்ததும் புழுதி உஸ்ஸென்று மூச்சு விட்டது. மண்வாசனை கிளம்பி, பனி கலைந்து, வெயில் மஞ்சளாக இறங்கி... அந்தக் காலையை எப்படிச் சொல்ல! வெடிப்புக்குள் ஓடி மறைந்த தண்ணீர் நாலடி தள்ளி எட்டிப் பார்த்தது. விஜயா செருப்பைக் கழற்றிவிட்டுச் சேற்றில் இறங்கினாள். வாழ்க்கைப்பட்டு வந்த இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக அவளுடைய நிலத்தில் அவள் கால். கணுக்கால் வரை முங்கியதும் சின்னப் பெண்போலச் சிரித்தாள்.

"அண்ணி, ஊருக்கெல்லாம் பாய்ஞ்சு மிச்சமா வந்த தண்ணின்னு சொல்றாங்க. நானும் அப்படித்தானே? மிச்சம்னா மட்டும் நெல்லு முளைக்காதா என்ன?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. மறைக்கவில்லை.

சாப்பிடப் போன கார்த்தி பேன்ட்டை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு திரும்பி வந்தான். வரப்பு உடைந்த இடத்தில் மண்ணை அள்ளி அடைத்தான். சாயங்காலம் பெங்களூருக்குக் கிளம்பும்போது, "முளைச்சதும் போட்டோ அனுப்பும்மா" என்று மட்டும் சொன்னான்.

நேற்று எனக்கும் அந்தப் போட்டோ வந்தது. பழுப்பு மண்ணில் பச்சை ஊசி ஊசியாக. இனிமேல் ஐப்பசி மழை இருக்கிறது, புயல் இருக்கிறது, அறுவடை வரைக்கும் அவளுக்கு வயிற்றில் நெருப்புதான். ஆனாலும் அது அவள் நெருப்பு. யாரையும் கேட்டுக் கட்டிக்கொண்டதில்லை.

ஊர் திரும்பிய மறுநாள் மத்தியானமே நாற்காலியிலிருந்து துணிகளை எடுத்தேன். ஃபேன் சுற்றியது. கண் சொக்கியது. வசுமதி வந்தாள், காலெல்லாம் சேறு. துடைத்த தரையில் அப்படியே நடந்து வந்து உட்கார்ந்தாள். நான் எழுதினேன். இந்தத் தடவை அவள் ரயிலேறவில்லை.

புது அத்தியாயத்தைப் படித்துவிட்டுச் சென்னைப் பெண் துள்ளிக்கொண்டு போன் செய்தாள். "மேடம், முடிவையே மாத்திட்டீங்க! சூப்பரா இருக்கு. ஆனா... சார் படிச்சுட்டாரா? எப்பவும் அவரு பார்த்து ஓகே பண்ணித்தானே அனுப்புவீங்க? அவரைக் கேட்டுட்டுச் சொல்றீங்களா, அச்சுக்கு அனுப்பிடலாம்."

போன் காதில் இருக்க, அடுக்களைப் பக்கம் திரும்பினேன். 'முதல் வாசகர்' என்று கௌரவமாகப் பெயர் வைத்திருந்ததால் இத்தனை வருஷமாக எனக்குத் தெரியவே இல்லை பாருங்கள். விஜயாவைக் கேலி செய்து சிரித்த வீட்டில், அதே வாக்கியத்தை நானும்தானே சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன்? அடுக்களையில் முதல் வாசகர் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். எல்லாம் ஒரே அளவில், கணக்கு வாத்தியார் இல்லையா! கூப்பிட்டால் கேட்கிற தூரம்தான்.

"கேக்க வேணாம்மா, இப்பவே அனுப்பிடு" என்றேன்.

சார் கடையில் வாங்கிப் படித்துக்கொள்வார், உங்களைப் போல!