பாக்கியம் அக்கா கேட்ட கல்

அன்று காலை எழுந்ததும் நான் முதலில் செய்தது, கார் ஷெட்டின் கதவைத் திறந்து, காற்றில் அடித்துக்கொள்ளாமல் இருக்க அதற்கு ஒரு கல்லை அணை கொடுத்ததுதான். ஷெட்டில் கார் இல்லாமல் ஆறு வருடம் ஆகிறது. இப்போது அங்கே கொடி கட்டித் துணி உலர்த்துகிறேன். மழை மாதங்களில் குன்னூரில் துணி காய்வது எவ்வளவு பாடு என்று இங்கிருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. முந்தின நாள் போட்ட சேலையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தபோது செல்வம் அழைத்தார். கட்டபெட்டில் உள்ள பார்வையற்றோர் இல்லத்தின் டிரைவர் அவர். காலை ஏழு மணிக்கு அவர் அழைத்ததே இல்லை.

"மேடம், அக்கா போயிட்டாங்க. தூக்கத்துலயே போயிட்டாங்களாட்ட இருக்குங்க. காப்பி கொண்டுபோய் எழுப்புனா எந்திரிக்கல."

அந்த இல்லத்தைப் பதினெட்டு வருடம் நடத்திய பாக்கியம் அக்காவை, இதைப் படிக்கும் உங்களில் பலர் என்னைவிட நீண்ட காலமாக அறிந்தவர்கள். ஆனால் நான் அவரிடம் வந்து சேர்ந்த விதம் உங்களில் ஒருவருக்கும் தெரியாது. செல்வத்துக்கு மட்டும் தெரியும். அவருக்குத் தெரியும் என்பது எனக்கே அன்று மதியம்தான் தெரிந்தது.

அந்தக் கார் என் பெயரில் வாங்கியது; ஓட்டியது என் கணவர். அவர் பெங்களூருக்கு வேலைக்குப் போனார், பிறகு அங்கேயே இருந்துவிட்டார். விவாகரத்து முடிந்தபோது காரை அவர் கேட்கவில்லை. எனக்கும் வேண்டியிருக்கவில்லை. கல்லூரிக் காலத்தில் கோயம்புத்தூரில் ஓட்டக் கற்று லைசென்ஸ் வாங்கியிருந்தேன். ஆனால் "உனக்கு மலையில ஓட்ட வராது" என்று அவர் பத்து வருடம் சொல்லக் கேட்டு, வராது என்றே ஆகிவிட்டது. நான் ஒரு கல்லூரியில் நூலகர். பஸ்ஸில் போய் வருகிறவள். ஒவ்வொரு காலையும் ஜன்னலைத் திறந்தால் எதிரே ஷெட்டில் உறை போட்டு மூடிய அந்தக் கார் யாரோ படுத்திருப்பதைப் போலத் தெரியும். விற்கலாம் என்றால் யாராவது வந்து பார்த்து, விலை கேட்டு, "சார் எங்கீங்க?" என்று விசாரிப்பார்கள். அதைத் தாங்க முடியாமல்தான் இல்லத்துக்குக் கொடுத்துவிடுவது என்று கடிதம் எழுதினேன். நல்ல மனதால் என்று நீங்கள் நினைத்திருந்தால், இப்போது திருத்திக்கொள்ளுங்கள்.

காரில் ஒரு குறை இருந்தது. ஹேண்ட்பிரேக் பிடிக்காது. ஒருமுறை சரிவில் நிறுத்தியிருந்தபோது தானாக உருண்டு, பக்கத்துத் தேயிலைச் செடிகளில் ஏறி நின்றது. அதைச் சரி செய்வதற்குப் பதிலாக என் கணவர் டிக்கியில் ஒரு கல்லை வைத்தார். எங்கே நிறுத்தினாலும் சக்கரத்துக்கு அடியில் அந்தக் கல். மலையில் இது எல்லாரும் செய்வதுதான். ஆனால் மற்றவர்களுக்குக் கல் இரண்டாவது காவல். எங்களுக்கு அது ஒன்றே காவல். இதைச் சொன்னால் இல்லத்தில் வேண்டாம் என்று விடுவார்களோ, கார் மறுபடியும் என் ஜன்னலுக்கு வெளியிலேயே கிடக்குமோ என்று பயந்தேன். கடிதத்தில் 'நல்ல நிலையில் உள்ளது' என்று எழுதினேன்.

காரை எடுக்கச் செல்வத்தோடு அக்காவே வந்தார். அறுபதைத் தொடும் வயது, வெள்ளைக் கோல், ஆண்கள் போடும் கறுப்பு ஸ்வெட்டர். சிறுமியாக இலங்கையில் இருந்து பெற்றோரோடு கப்பலில் வந்து, பதினேழு வயதில் காய்ச்சலில் பார்வை போனவர் என்பதைப் பிறகு தெரிந்துகொண்டேன். காரைத் தடவியபடி ஒரு சுற்று வந்தார். கதவைத் திறக்கச் சொன்னார்.

"ஒரு தடவ டிரைவர் சீட்ல குந்திப் பாக்குறேன் தங்கச்சி. கப்பல்ல வந்தவ நான், இதுல பயமா?"

உட்கார்ந்து ஸ்டியரிங்கைப் பிடித்தார். ஹாரனை அடித்தார். ஹேண்ட்பிரேக்கை மெதுவாக இழுத்தார். டக், டக், டக் என்று அது மேலே ஏறிக்கொண்டே போனது. விளையாடுகிறார் என்று நினைத்தேன். இறங்கியதும் கேட்டார்: "கல்லு எங்க, தங்கச்சி?"

"கல்லெல்லாம் வேண்டியதில்லீங்க அக்கா. பிரேக் நல்லாப் புடிக்கும்."

"நல்லது" என்றார்.

கார் வளைவில் மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். ஷெட் காலியாக இருந்ததைப் பார்க்க எவ்வளவு நிம்மதி! அரை மணி நேரம்கூட அது நிற்கவில்லை. ஷெட்டின் மூலையில் கல் கிடந்தது. டிக்கியைச் சுத்தம் செய்தபோது நானே எடுத்து வெளியே போட்டிருக்கிறேன். செல்வம் சரிவில் நிறுத்துவார், கண் தெரியாத யாராவது பின்னால் வருவார்கள் என்று மனம் ஓடிக்கொண்டே இருந்தது. போனை எடுப்பேன், 'நல்ல நிலையில் உள்ளது' என்ற என் கையெழுத்து நினைவுக்கு வரும், வைத்துவிடுவேன்.

அடுத்த சனிக்கிழமை பஸ் ஏறி இல்லத்துக்குப் போனேன். சும்மா பார்க்க வந்ததாகச் சொன்னேன். வாசலில் ஒரு பெரிய நிலைக்கண்ணாடி மாட்டியிருந்தது. கண் தெரியாதவர்கள் வீட்டில் கண்ணாடியா என்று நான் நின்றதை எப்படியோ உணர்ந்து அக்கா சொன்னார்: "ஒரு கடைக்கார மொதலாளி குடுத்தது. வேணாம்னு சொன்னா மொகம் வாடிப்போகும். வர்றவங்க அவங்கவங்க மொகத்தப் பாத்துக்கட்டும்னு மாட்டிட்டோம். தங்கச்சி, வேணாததத்தான் எல்லாரும் குடுப்பாங்க. அதுல தப்பில்ல. வேணுங்கிறத யாரு குடுப்பா?"

கண்ணாடியில் என் முகத்தைப் பார்க்காமல் உள்ளே போனேன்.

கார் முற்றத்தில், சமதளத்தில் நின்றது. சக்கரங்களைக் குனிந்து பார்த்தேன். கல் இல்லை. எப்படிப் பேச்சைத் தொடங்குவது என்று நான் தயங்கிக்கொண்டிருக்கையில் அக்கா ஒரு புத்தகத்தை என் கையில் வைத்தார். அரசுத் தேர்வுக்குப் படிக்கும் ஐந்து பேர் அங்கே தங்கியிருந்தார்கள். திங்கட்கிழமை எஸ்டேட் லைன் வீடுகளில் இருந்து காரில் கூட்டி வந்து, சனி மாலை கொண்டுபோய் விடுவார்கள். அவர்களுக்கு வாசித்துக் காட்ட ஆள் இல்லை.

"சும்மா நிக்காம இத வாசிங்க. ஏத்த எறக்கம் வேணாம், நாங்க நாடகம் பாக்க வரல. ஒரே சீரா. எண் வந்தா ரெண்டு தடவ."

அவரும் கூடவே உட்கார்ந்து கேட்டார். நான் நிறுத்தும் இடத்திலெல்லாம் "ம், மேல" என்பார். அந்தச் சனிக்கிழமைகள் ஆறு வருடம் நடந்தன. நடுவில் என் போனிலேயே பதிவு செய்து கொடுக்கத் தொடங்கினோம். பேச்சு சுற்றி வளைத்தால் அவருக்குப் பிடிக்காது. மாற்றுத்திறனாளி என்று ஒருமுறை நான் தயங்கிச் சொன்னபோது, "அத ஃபார்ம்ல எழுதுங்க. நம்மகிட்டப் பேசையில கண்ணு தெரியாதுன்னே சொல்லுங்க. சுருக்கமா முடிஞ்சுரும்" என்றார்.

ஒருமுறை சொல்லிவிடலாம் என்று துணிந்தேன். அன்று மண் சரிந்து பஸ் நின்றுபோய், நாங்கள் இருவரும் மட்டும் அடுப்படியில் உட்கார்ந்திருந்தோம்.

"அக்கா, அந்தக் காரைக் குடுத்தப்போ நான் ஒண்ணு..."

"காரு நல்லாத்தானே ஓடுது? முப்பத்திரெண்டாம் பக்கம் பாதில நிக்குது, தங்கச்சி. அத முடிங்க. மத்த கதையெல்லாம் பரீட்ச முடியட்டும்."

முடித்தேன். குரல் சீராக இல்லை என்று திரும்ப வாசிக்கவும் வைத்தார்.

இறந்த அன்று மதியம், அடக்கத்துக்குப் போகுமுன் முற்றத்தில் கூட்டம் கூடியிருந்தது. அந்தக் கார் ஓரத்தில் நின்றது. செல்வம் அதன்மேல் சாய்ந்தபடி கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவருடைய ஒரு கண்ணில் புரை. ஆபரேஷன் செய்தால் ஒரு மாதம் ஓட்டக் கூடாது என்பதால் தள்ளிப் போட்டுக்கொண்டே இருக்கிறார். நான் அருகில் போனேன். அழுகையோடு அழுகையாக, "செல்வம், இந்த ஹேண்ட்பிரேக்..." என்று தொடங்கிவிட்டேன்.

"ஏனுங்க மேடம், அது அன்னிக்கே தெரியுமுங்க."

"என்ன தெரியும்?"

"அக்கா இழுத்து எண்ணுனாங்கல்ல? ஆறு சத்தத்துக்குள்ள புடிக்கோணுமுங்க. உங்குளுது பதினொண்ணு போச்சு. வண்டிய எடுத்ததுமே சொல்லிப்போட்டாங்க, 'செல்வம், இது நிக்காது, நேரா மெக்கானிக்குகிட்ட ஓட்டு'ன்னு. கேபிள் மாத்தித்தான் ஊட்டுக்கே கொண்டாந்தோம்."

"அப்புறம் ஏன் ஒருத்தரும் சொல்லல?"

"சொல்லப்படாதுன்னு ஆர்டருங்க. நீங்க வந்து காரச் சுத்திச் சுத்திக் குனிஞ்சு பாத்தீங்கல்ல, அத நான்தான் போய்ச் சொன்னேன். 'தங்கச்சி மனசு உறுத்தி வருது. உறுத்தல எடுத்துட்டா வராது. நம்மளுக்கு வாசிக்க ஆளு கெடச்சிருக்கு, வாயத் தொறக்காத. பரீட்ச முடியட்டும்'னாங்க. பரீட்ச எங்கீங்க முடியுது? ஒண்ணு போனா ஒண்ணு வருது."

நான் சிரித்துவிட்டேன். இழவு வீட்டில், எல்லாரும் திரும்பிப் பார்க்கும்படி சத்தமாக. அன்று அதைக் கண்டு முகம் சுளித்தவர்கள் இதைப் படித்தால் மன்னிக்க வேண்டும். ஆறு வருடமாக நெஞ்சில் இருந்த ஒன்று அந்தச் சிரிப்போடு இறங்கிப் போனது. என் பொய் ஒரு நாளுக்குமேல் யாரையும் ஆபத்தில் விடவில்லை. அந்த ஒரு நாளும் அவர் அறிந்தே ஏறி உட்கார்ந்த நாள்.

கொஞ்சம் கோபமும் வந்தது என்பதை மறைக்கவில்லை. எத்தனை வாரம் பஸ்ஸில் நெஞ்சு அடித்துக்கொள்ளப் போயிருக்கிறேன்! செல்வம் அதைக் கவனித்திருக்க வேண்டும். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"போன மாசம் நானே கேட்டேனுங்க, இனியாச்சும் சொல்லிரலாமான்னு. அக்கா சொன்னாங்க, 'இப்பச் சொன்னாலும் தங்கச்சி வரும், செல்வம். சொல்லு'ன்னு. நாந்தான் இன்னிக்கு நாளைக்குன்னு சுணங்கிட்டேன்."

தாமதித்துவிட்டேன் என்பதற்குச் 'சுணங்கிட்டேன்' என்பது இலங்கையிலிருந்து அக்காவோடு வந்த சொல். எங்கள் ஊர்ப் பக்கத்து ஆளான செல்வத்தின் வாயில் அது வந்ததைக் கேட்டதும்தான் எனக்கு முறையாக அழுகை வந்தது.

அவரிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொள்வது சிறியது. என் போனில் இருக்கும் பதிவுகளில், நான் மூச்சு வாங்கும் இடைவெளிகளில் அவர் குரல் இருக்கிறது. "ம், மேல." தேர்வுக்குப் படிக்கிறவர்களுக்கு இடைஞ்சலாக இருக்கும் என்று முன்பெல்லாம் அதை வெட்டி எடுத்துவிட்டுத்தான் அனுப்புவேன். கடைசி நான்கு பதிவுகளை இன்னும் வெட்டவில்லை. வெட்டாமலே அனுப்பப் போகிறேன்.

சனிக்கிழமை போவேனா என்று யாரும் கேட்கவில்லை. கேட்க வேண்டியதும் இல்லை. ஆனால் இன்று காலை ஷெட்டுக் கதவுக்கு ஒரு விறகுக்கட்டையை அணை கொடுத்துவிட்டு, கல்லைக் கழுவித் துடைத்துப் பையில் வைத்திருக்கிறேன். அக்கா கேட்ட கல், டிக்கிக்கே போகட்டும். லைசென்ஸையும் தேடி எடுத்துவிட்டேன். கெடு இன்னும் இருக்கிறது. செல்வத்தைப் பக்கத்தில் உட்காரவைத்து, முதலில் இல்லத்து முற்றத்தில், பிறகு கட்டபெட்டு கடைவீதி வரை. அவர் கண் ஆபரேஷனுக்குப் போகும் மாதம், திங்கட்கிழமைக் காலைகளில் எஸ்டேட் லைன்களுக்குக் கார் போகும். யார் ஓட்டுவது என்பதைச் செல்வத்திடம்கூட நான் இன்னும் சொல்லவில்லை.