வெள்ளைக்காரர் கிறிஸ்துமஸ்

தொண்ணூறுகளின் நடுவில், மண்ணரையில் ஒரு பனியன் ஏற்றுமதி கம்பெனியில் நான் புரொடக்‌ஷன் மேனேஜர். சரக்கு வாங்கும் வெளிநாட்டுப் பையர்களோடு பழகத் தெரியாமல் நாங்கள் ஆர்டரைக் கெடுத்துக்கொள்கிறோம் என்று யாரோ முதலாளியின் காதில் போட்டுவிட்டார்கள். அவர் என்னைக் கோயம்புத்தூரில் ஒரு ஓட்டலில் நடந்த வகுப்புக்கு அனுப்பினார். தலைமைப் பொறுப்பில் இருப்பவர்கள் அடுத்தவர் பண்பாட்டைப் புரிந்துகொள்வதற்கான பயிற்சியாம். 'தலைமை' என்று கேட்டதுமே என் சட்டைக் காலர் தானாக நிமிர்ந்துவிட்டது.

வகுப்பு எடுத்த அம்மா பெங்களூரிலிருந்து வந்திருந்தார். வெள்ளைக்காரரிடம் வயதும் சம்பளமும் கேட்கக் கூடாது. சாப்பாட்டில் வற்புறுத்தக் கூடாது. போதும் என்றால் போதும்தான். கிறிஸ்துமஸ் வாரத்தில் ஃபேக்ஸ் அனுப்பித் தொந்தரவு செய்யவே கூடாது; அது அவர்கள் குடும்பத்தோடு இருக்கும் நேரம். எல்லாவற்றையும் மண்டையில் ஏற்றிக்கொண்டேன். முடிக்கும்போது, "இதெல்லாம் வெளிநாட்டுக்காரங்களுக்கு மட்டும் இல்ல, உங்ககிட்ட வேலை செய்யறவங்களுக்கும்தான்" என்றார். அந்த நேரம் பார்த்துப் பஜ்ஜி வாசனை வந்து தொலைத்தது. அந்த வரி மட்டும் மண்டையில் நிற்கவில்லை.

சான்றிதழுக்குக் கண்ணாடி போட்டு என் நாற்காலிக்குப் பின்னால் மாட்டினேன். அந்த ஞாயிற்றுக்கிழமை மச்சான் வீட்டுக்கு வந்தார். மறுசோறு வைக்கப் போனபோது "போதுங்க" என்று இலையை மறைத்தார். எங்கள் பக்கத்தில் அதற்கு இன்னும் இரண்டு கரண்டி வையுங்கள் என்று அர்த்தம். நான்தான் பயிற்சி பெற்றவன் ஆயிற்றே! "சரிங்க" என்று சோற்றுக் குண்டாவை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன். மனிதர் முகம் செத்துப் போய், ரசம்கூட ஊற்றிக்கொள்ளாமல் கை கழுவிவிட்டார்.

"ஏனுங்க, எங்கண்ணன் அரை வயித்தோட போறாருங்க. ஊட்டுக்கு வந்தவங்கள இன்னுங் கொஞ்சம் சாப்புடுங்கன்னு சொன்னா உங்க வாய் வலிக்குதுங்களா?" என்று என் வீட்டுக்காரி பிடிபிடியென்று பிடித்தாள். பண்பாடு பற்றி அவளுக்கு என்ன தெரியும் என்று நினைத்துக்கொண்டேன்.

டிசம்பரில், ஓவர்லாக் தையல் லைனுக்கு லீடராக இருந்த பெண் ஒரு வாரம் லீவு கேட்டாள். தூத்துக்குடிப் பக்கத்துக்காரி. புருஷன் இல்லை. கைக்குழந்தையை அம்மாவிடம் விட்டுவிட்டு இங்கே வந்தவள். வருஷத்துக்கு ஒருமுறைதான் மகளைப் பார்ப்பாள்.

"பொங்கலுக்கு எல்லாருக்குமே லீவுதானுங்கம்மா. அப்பப் போய்க்கலாமுங்க" என்றேன். எங்கள் ஊர் மரியாதை அப்படி. லீவு இல்லை என்பது அவளுக்கு உறைக்கவே சற்று நேரம் பிடித்தது.

மறுநாள், கோயம்புத்தூரில் கற்ற வித்தையை லைன் லீடர்களுக்கு நான் இறக்கிவைக்க வேண்டும் என்று முதலாளி உத்தரவு. கட்டிங் டேபிளைச் சுற்றி எல்லாரையும் நிறுத்திவைத்து முழங்கினேன். "கிறிஸ்துமஸ்னா அவங்களுக்கு உசுருங்க. கப்பலே முழுகினாலும் அந்த வாரம் கூப்புடக் கூடாது. பெத்த பிள்ளைகளோட இருக்கிற நாளு. அதை மதிக்கத் தெரியாதவன் மேனேஜரே இல்லீங்க!"

பின்னாலிருந்து அவள் குரல் வந்தது. "சார், ஒரு சந்தேகம். வெள்ளக்காரன் கும்பிடுத அதே ஏசுவத்தான் நானும் கும்பிடுதேன். எனக்கும் ஒரு பிள்ள இருக்கு. அப்பம் நீங்க மேனேஜரா இல்லியா சார்?"

கட்டிங் ஹால் மொத்தமும் கொல்லென்று சிரித்தது. மிஷினில் இருந்தவர்கள்கூட எட்டிப் பார்த்தார்கள். என் காது மடல் எரிந்தது. கோபத்தில் அவளை அன்றைக்கே வேலையை விட்டு அனுப்பியிருப்பேன். ஆனால் அப்போதுதான் அத்தனை பேர் முன்னால் மதிக்க வேண்டும் என்று தொண்டை கிழியச் சொல்லியிருந்தேன். முழுதாகக் கொடுத்தால் தோற்றுப்போனதாகிவிடுமே! அதனால் கேட்டதில் பாதியைக் குறைத்து, ஏதோ என் பூர்வீக நிலத்தை எழுதிக் கொடுப்பவன் போல லீவு கொடுத்தேன்.

போய்விட்டு வந்ததும் அவள் முந்திரிக்கொத்துப் பலகாரப் பொட்டலம் ஒன்றை என் மேசைமேல் வைத்தாள். பெருந்தன்மையாக, "பாப்பா சந்தோசப்பட்டுச்சுங்களா?" என்று கேட்டேன்.

"மொதல்ல என்னை யாருன்னே தெரியல சார். எங்கம்மா சேலைக்குப் பின்னாலயே ஒளிஞ்சிக்கிட்டா. கிட்ட போனா அழுவா. கிளம்புத அன்னைக்குக் காலையிலதான் அம்மான்னு கூப்பிட்டா."

"அப்பறம்?"

"சாயங்காலம் பஸ் ஏறிட்டேன் சார். லீவு அம்புட்டுத்தானே."

கோபமாகச் சொல்லவில்லை, சொல்லிவிட்டு மிஷினுக்குப் போய்விட்டாள். கடித்த முந்திரிக்கொத்தைப் பொட்டலத்திலேயே திரும்ப வைத்து மூடினேன். பின்னால் சுவரில் அந்தச் சான்றிதழ் வேறு. மாசி முடிவதற்குள் அவள் வேலையை விட்டு, சம்பளக் கணக்கை முடித்துக்கொண்டு ஊருக்கே போய்விட்டாள்.

அடுத்த டிசம்பரில் யாரும் கேட்பதற்கு முன்பே, "யாருக்கெல்லாம் கிறிஸ்துமஸுங்க?" என்று நானே ஹாலில் நின்று கேட்டேன். தெற்கத்திக்காரர்கள் கை தூக்கினார்கள். கூடவே, வருஷக்கணக்காக என்னோடு டீ குடித்த கட்டிங் மாஸ்டரும் தூக்கினார்! பக்கத்து நெருப்பெரிச்சல் ஊர்க்காரர், அச்சு அசல் எங்கள் ஊர்ப் பேச்சு.

"ஏனுங்க, எங்கிட்ட சொல்லவே இல்லீங்களே?"

"நீங்க கேக்கவே இல்லீங்களே."

கேட்டதில் ஒரு நாளைக்கூடக் குறைக்காமல் எல்லாருக்கும் கொடுத்தேன். யாருக்குக் கொடுத்திருக்க வேண்டுமோ அவள் ஊரில் மகளோடு இருந்தாள். அவளுக்கு இனி என் லீவு தேவையில்லை.