எதிரே நின்று கேட்ட சத்தம்

சின்னமனூரிலிருந்து உத்தமபாளையம் ரோட்டில் கிடாரோடு நடந்துகொண்டிருந்தேன். மாலையில் கச்சேரி. நான் இல்லாமலே நடக்கட்டும் என்று கிளம்பிவிட்டேன்.

எட்டாவதோடு படிப்பை விட்டு ஊர் ஊராகத் திரிந்த நான், அந்தப் பாட்டுக்குழுவில்தான் இரண்டு வருடம் நிலைத்தேன். காரணம், நானாகப் பிடித்த ஒரு ஒலி. கிடார் வயரை இரண்டாகப் பிரித்து, ஒன்றை நேராக ஆம்ப்ளிஃபயருக்குக் கொடுப்பேன். மற்றது காலால் மிதிக்கும் எஃபெக்ட் பெடல் வழியாக, என் பக்கத்திலிருக்கும் இன்னொரு ஆம்ப்ளிஃபயரில் கரகரப்போடு வரும். இரண்டும் கலந்தால் எனக்கே சிலிர்க்கும். இரண்டையும் வாங்கிக் கூட்டிக் குறைத்து, கூட்டத்தை நோக்கிய பெரிய ஸ்பீக்கர்களுக்கு அனுப்பும் மிக்ஸரில் உட்காரும் நண்பன் பாண்டி, ஒவ்வொரு கச்சேரி முடிந்ததும் "கலக்கிட்ட மாப்ள" என்பான்.

அன்று மதிய ஒத்திகையில் பெடலை மிதித்துவிட்டு, புதிதாக வாங்கிய நீள வயரோடு மேடையை விட்டு இறங்கினேன். முதல்முறையாகப் பெரிய ஸ்பீக்கர்களுக்கு எதிரே நின்று வாசித்தேன். கரகரப்பே இல்லை. வெறும் கிடார்தான் கேட்டது.

"பெடல் சத்தம் எங்கடா?"

பாண்டி தலை தூக்கவில்லை. "அது மிக்ஸர்ல ரெண்டு வருசமா மூடித்தான் கெடக்கு. இரைச்சலா இருக்குன்னு நம்ம குழுத் தலைவரு சொன்னாக. மேடையில ஒனக்குக் கேட்டுச்சுல்ல, அது போதாதா?"

மூடிய அன்றே சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன், பிறகு திருத்தியும் இருப்பேன். ஒரு தடவைகூட எதிரே போய்க் கேட்காதது என் தப்புதான். ஆனாலும் அவனுடைய அந்தக் 'கலக்கிட்ட'வை இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.

மறுநாள் காலை உத்தமபாளையத்தில் ஒரு மைக்செட் கடையில் வேலை கேட்டேன்.

"என்ன தெரியும்?" என்றார் முதலாளி.

"எதிர நின்னு கேட்டு உள்ளதச் சொல்லுவேன்."

சிரித்துவிட்டு, ஸ்பீக்கர் பெட்டியைத் தூக்கச் சொன்னார்.