முன்னணைக்கு வந்த வழக்கு

நீட்டிய கையை அந்த மனிதர் அன்று இழுத்துக்கொண்டது கடவுளுக்குப் பயந்தா, பச்சைப் பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று பயந்தா? இன்றுவரை எனக்குப் பதில் தெரியவில்லை.

தொண்ணூறுகளின் கடைசி. அப்பாவுக்குக் காவலூர் தொலைநோக்கி நிலையத்தில் வேலை. எங்களைப் போன்ற நாலைந்து கிறிஸ்தவக் குடும்பங்கள் சேர்ந்து கிறிஸ்துமஸ் நாடகம் போட்டோம். நான் பஞ்சு இறக்கை கட்டிய தேவதூதன். கைக்குழந்தையாக இருந்த தம்பிதான் பாலன் இயேசு. வைக்கோல் பரப்பிய முன்னணையில், அதாவது மாட்டுத் தீவனத் தொட்டியில், கால் உதைத்துக்கொண்டு கிடந்தான். சுற்றியிருந்த மலைக் கிராமத்தினரும் திரண்டு வந்திருந்தார்கள். அன்று சாயங்காலம் முழுக்க என் கால் தரையில் பாவவில்லை.

நாடகத்தில் கதை சொல்பவராக நின்ற மாமா முழங்கினார். "பொறந்திருக்கிறவர் சாதாரணப் பிள்ளையில்ல. கடவுளே மனுசனா வந்திருக்கார். நீதி தவறாத ராஜா. ஏழையோட வழக்கைக் கேக்கிற ராஜா."

அடுத்து நான் பேச வேண்டும். அதற்குள் கூட்டத்திலிருந்து ஒரு பெண் எழுந்து வந்தார். எங்கள் வீட்டுக்குச் சாமை கொண்டுவருபவர், கணவனை இழந்தவர். தம்பியின் காலடியில் வெற்றிலை பாக்கு வைத்தார்.

"ராசாவே, எம் பங்குப் புளியமரத்த மச்சாண்டாரு புடிச்சி வச்சிக்கினாரு. நீதான் கேக்கணும்."

அந்த மச்சாண்டார், அவர் கணவரின் அண்ணன், பின்னால்தான் உட்கார்ந்திருந்தார். "இன்னா, பால் குடிக்கிற புள்ளையா பஞ்சாயத்து பேசப் போவுது?" என்றார். கூட்டம் சிரித்தது.

"அது பேச வேணாம். மரம் உங்களுதுன்னா அது தலைமேல கைய வெச்சி சத்தியம் பண்ணுங்க," என்றார் அந்தப் பெண்.

மச்சாண்டார் விடுவிடுவென்று வந்து கையை நீட்டினார். தம்பி அவரைப் பார்த்துப் பொக்கை வாயால் சிரித்தான். கை அந்தரத்தில் நின்றது.

"இது டிராமாதானேங்க?" என்று மாமாவைக் கேட்டார்.

"டிராமாதான்," என்றார் மாமா. "ராஜா நிஜம்."

கை மெல்ல இறங்கியது. "இந்த வருசத்திலேர்ந்து மரத்த நீயே உலுக்கிக்க," என்று அந்தப் பெண்ணிடம் சொல்லிவிட்டு இருட்டுக்குள் நடந்தார்.

நான் குதித்த குதியில் ஒரு இறக்கை கழன்று விழுந்தது. எங்கள் ராஜா வாய் திறக்காமலே ஜெயித்துவிட்டார். அம்மா ஓடிவந்து தம்பியை வாரியெடுத்து அழுதாள். சந்தோஷத்தில் அழுகிறாள் என்று நினைத்து நானும் கட்டிக்கொண்டேன். அவள் உடம்பு ஏன் நடுங்குகிறது என்று கேட்கத் தோன்றவில்லை. பொய்ச் சத்தியம் பிள்ளையைத் தாக்கும் என்ற பயமெல்லாம் அந்த வயதில் எனக்குத் தெரியாது.

இந்தக் கிறிஸ்துமஸுக்கு எங்கள் சபையில் என் மகனைப் பாலன் இயேசுவாகக் கேட்டிருக்கிறார்கள். சரியென்று சொல்லிவிட்டேன். சொன்னதிலிருந்து தூக்கமில்லை. இந்தக் காலத்தில் யார் சத்தியம் பண்ண வரப்போகிறார்கள் என்று கணவர் சிரிக்கிறார். அந்த ராஜாவை நான் முழுமனதாக நம்புகிறேன். அம்மாவும் நம்பினாள், நடுங்கவும் செய்தாள். நம்புகிறவளுக்கு இந்தப் பயம் வரலாமா? பிள்ளையைக் கொடுக்கட்டுமா? பிள்ளை பெற்றவர்கள் யாராவது சொல்லுங்கள்.