தலையணைக்குக் கீழே இருந்த தேசிக்காய்

அன்று அந்த அறையில் இருந்தவர்கள்: அம்மா, பெரியக்கா, அவள் புருஷன் அத்தான், கலியாணம் ஆகாத நான். தொட்டிலில் பெரியக்காவின் கைக்குழந்தை. வேறு யாரும் இல்லை.

வறுத்த மிளகும் உள்ளிப்பூடும் சேர்ந்த சரக்குக் கறி வாசம்... பழுகாமத்தில் எங்கள் வீட்டுச் சுவரெல்லாம் அது ஊறிக் கிடந்தது. ஒப்பரேசன் செய்து பிள்ளை எடுத்து, பெரியக்கா வீட்டுக்கு வந்த நாளிலிருந்து பத்தியம். சோறு, சரக்குக் கறி, சுட்ட கருவாடு. புளி கூடாது, புண் சீழ் பிடிக்கும். பழம் கூடாது, குளிர். கீரை கூடாது, பிள்ளைக்கு வயிறு கழியும்.

வயிற்றில் பிள்ளை இருந்தபோதே பப்பாசியும் அன்னாசியும் தொட விடவில்லை...

ஒரு மாதத்தில் முடிய வேண்டிய பத்தியம். தையல் ஆறவில்லை. ஆறாததால் அம்மா பத்தியத்தை நீட்டினார். நீட்ட நீட்ட இன்னும் ஆறவில்லை.

அன்று வீட்டு வளவில் கொய்யாப்பழம் விழுந்து கிடந்தது. அத்தான் ஜன்னலால் பார்த்துச் சொன்னார்.

"இந்த வளவுல கோழிக்குக் கொய்யாப்பழம், என்ட மனுசிக்குக் கருவாடு. அவள் கோழியாப் பிறந்திருக்கலாம்."

"பகிடி விடாதீங்க மருமகன். புள்ள பெத்தவள் நான். பத்தியம் தெரியாதவங்க பேசப்படா."

பெரியக்கா சிரித்தாள். சிரித்த வாயில், ஈறெல்லாம் இரத்தம்.

அம்மா பயந்துபோனார். கண்ணகி அம்மனுக்கு நேர்ந்து, அம்மன் காலடியில் வைத்த தேசிக்காய் ஒன்றை, எலுமிச்சங்காயைத்தான், கொண்டுவந்து பெரியக்காவின் தலையணைக்குக் கீழே வைத்தார். அவள் அதை எடுத்து மணந்து பார்த்தாள்.

"இதக் கரைச்சுத் தாங்கம்மா. வாய் கேக்குது."

"அம்மன்ட காயக் கரைக்கிறதா மனே? புண் ஆறட்டும், குடம் குடமாத் தாறன்."

தேசிக்காய் அங்கேயே காய்ந்து கல்லாகிப் போனது.

பிறகு பெரியக்காவின் காலில் ஊதா நிறத் திட்டுகள், காய்ச்சல். ஆஸ்பத்திரியில் ஒரு இளம் டொக்டர், பெரியக்காவுக்கு என்ன சாப்பிடக் கொடுத்தோம் என்று கேட்டாள். அம்மா ஒன்றும் விடாமல் சொன்னார்.

"ஒரு பழமாவது குடுத்தீங்களா அம்மா?"

"ஒண்டும் குடுக்கல்ல டொக்டர்."

அம்மா அதைப் பெருமையாகத்தான் சொன்னார்.

உடம்பில் விட்டமின் சி இல்லாமலே போய்விட்டது, அது இல்லாமல் சதை ஒட்டாது, ஈறு இரத்தம் கசியும் என்று அந்த டொக்டர் சொன்னாள். விட்டமின் குளிசை கொடுத்தார்கள். ஆனால் புண்ணில் இருந்த கிருமி இரத்தத்தில் ஏறியிருந்தது...

பெரியக்கா வீடு திரும்பவில்லை. அவளுக்குக் கொடுக்காத புளியை அம்மா அதன்பிறகு தன் சோற்றிலும் சேர்த்ததே இல்லை.

என் பிள்ளைகளின் சுகாதாரப் புத்தகத்தைப் பார்த்துத்தான் மிச்சத்தை நான் படித்தேன். விட்டமின் சி இருப்பவை நெல்லி, கொய்யா, தேசி, ஆரஞ்சுத் தோடை, பப்பாசி, கறிமிளகாய், முருங்கையிலை. உடம்பு இதைச் சேர்த்து வைக்காது, நாளாந்தம் கொடுக்க வேண்டும். சூட்டில் அழியும், அதனால் தேசிப்புளியை அடுப்பால் இறக்கியபின் விடுவேன். கீரையோடு சேர்ந்தால் இரத்தத்துக்கும் நல்லது. அம்மனை இன்றும் கும்பிடுகிறேன். கோயிலில் தரும் தேசிக்காயை வீட்டுக்குக் கொண்டுவந்து, கும்பிட்டுவிட்டுக் கரைத்துக் குடிக்கிறோம்.

அப்போது சொல்லித்தர ஆளில்லை. இப்போது போனைத் தட்டினால் எல்லாம் வருகிறது. பத்தியம் மட்டும் அப்படியே இருக்கிறது.

என் மருமகளுக்குப் போன கிழமை ஒப்பரேசனில் பிள்ளை கிடைத்தது. எங்கள் வழக்கப்படி மகன் கொக்கட்டிச்சோலையில், மாமியார் வீட்டில் இருக்கிறான். அந்த அடுப்படி சம்பந்தியுடையது. நேற்றுப் போனில் சொன்னார்: "பயப்படாதீங்க மச்சாள். புளி எங்கட வாசலுக்கே வரல்ல."

அவரும் தன் மகளில் உயிரானவர்தான். நான் வாய் திறந்தால் பெடியன்ட தாய் குறை பிடிக்கிறாள் என்றாகும். திறக்காமல் இருக்கவும் முடியாது.

உங்களில் யாராவது இதை மனம் நோகாமல் சம்பந்தியிடம் சொல்லியிருக்கிறீர்களா? எப்படித் தொடங்கினீர்கள்? நாளைக் காலை அங்கே போகிறேன். அதற்கு முன் பதில் எழுதுங்கள்.