கைக்கு வராத சம்பளம்

அம்மா பர்மாவிலிருந்து கப்பலில் வந்தாள். அவள் பிறந்தது, பிழைத்தது, அப்பாவை அடக்கம் செய்தது எல்லாம் அங்கேதான். என்னை மட்டும் படிப்புக்காகச் சிறுவயதிலேயே வேலூரில் சித்தி வீட்டுக்கு அனுப்பியிருந்தாள். படிப்பு முடிந்து, கல்யாணமாகி, நான் கோலார் தங்க வயலுக்கு வந்தேன். எங்கள் கடைகளை அங்கே சர்க்கார் பிடுங்கிக்கொண்ட பிறகு அவளுக்குப் போக்கிடம் நான் ஒருத்திதான். ஆனால் காகிதப்படி அவள் வெளிநாட்டுக்காரி. இங்கேயே தங்க வேண்டுமானால், சர்க்கார் உதவியில்லாமல் அவளுக்குச் சோறு போட எங்களுக்கு வசதி இருக்கிறது என்று மாவட்ட அலுவலகத்தில் காட்ட வேண்டும்.

என் கணவர் நந்திதுர்க் சுரங்கத்தில் வேலை செய்தார். அந்த வாரம் பகல் ஷிப்ட், லீவு கிடைக்கவில்லை. ஜாமீன் தாளில் கையெழுத்துப் போட்டு, சம்பளச் சீட்டையும் கொடுத்து என்னைப் போகச் சொன்னார். சீட்டு மட்டும் போதுமா என்று எனக்குச் சந்தேகம். என் செயினையும் வளையலையும் கைக்குட்டையில் முடிந்தேன்.

அவர் சிரித்துவிட்டார். "தங்க வயல்லேர்ந்து தங்கத்த எடுத்துட்டுப் போய் ஆபீசர்கிட்ட காட்டப்போறியா? இது எங்கேர்ந்து வந்திச்சின்னு கேட்டா இன்னா சொல்லுவ?"

செயினைக் கழுத்திலேயே போட்டுக்கொண்டேன். பிறகு அதுவும் தப்போ என்று முந்தானையால் மூடிக்கொண்டேன்.

பஸ்ஸில் கோலாருக்குப் போனோம். என் பெரிய மகனோடு அம்மா வெளியே பெஞ்சில் உட்கார்ந்தாள். கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நான் உள்ளே போனேன். அதிகாரிக்குத் தமிழ் வந்தது. வீட்டுக்காரருக்கு என்ன சம்பளம் என்று கேட்டார். சொன்னேன். அந்தத் தொகையைத் தாளில் எழுதிவிட்டு, வீட்டில் எத்தனை பேர் என்றார். அதையும் சொன்னேன்.

"இதுல நீங்க சாப்பிடறதே கஷ்டம். இன்னொரு ஆளுக்கு எப்படி ஜாமீன் எழுதறீங்க?" என்று தாளை மடித்துத் தள்ளி வைத்தார்.

கணவர் வந்திருந்தால் சரியாகப் பேசியிருப்பாரே, நான்தான் கெடுத்துவிட்டேனோ என்று நினைத்தபடி திரும்பியவள், கதவு வழியாக அம்மாவைப் பார்த்தேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான் உறைத்தது. சுரங்கக் கம்பெனி கட்டிக்கொடுத்த வரிசை வீடுகளான எங்கள் லைனில் சம்பளம் என்றால் பிடித்தமெல்லாம் போய்க் கைக்கு வருகிற காசு. எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். நானும் வாய்ப் பழக்கத்தில் அதையே சொல்லியிருந்தேன். சீட்டு என் கையிலேயே இருந்தது.

மறுபடி மேசை முன்னால் போய் நின்றேன்.

"சார், நான் சொன்னது கைக்கு வர்றது. எங்க அரிசிய கம்பெனியே குடுத்துட்டு சம்பளத்துல பிடிச்சிக்குது. வீட்டு வாடகையும் அப்படித்தான். சாப்பாட்டுக்குன்னு இந்தக் காசுல நாங்க அரிசி வாங்கறதில்ல சார். அது முன்னாடியே வீட்டுக்கு வந்துடுது."

அவர் சீட்டை வாங்கி மேலிருந்து கீழ்வரை ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தார். கடன் பிடித்தம் ஏதாவது உண்டா என்று கேட்டார். இல்லை என்றேன். அந்த ஒன்றை மட்டும் தயங்காமல் சொன்னேன். முன்பு எழுதிய தொகையை அடித்துவிட்டு மொத்தச் சம்பளத்தை எழுதினார்.

"இத மொதல்லயே சொல்லக்கூடாதாம்மா?" என்றபடி முத்திரையை எடுத்தார்.

வெளியே வந்ததும் அம்மா எழுந்து நின்றாள். "இன்னா சொன்னாரு?"

"நீ இங்கயே இருக்கலாம்மா."

பஸ் பங்காருபேட்டை தாண்டும்வரை அவள் ஜன்னல் பக்கம் திரும்பியே இருந்தாள். எனக்கோ யாரிடமாவது சொல்லியாக வேண்டும் போலிருந்தது. பக்கத்து சீட்டுக்காரியிடம் முழுக் கதையையும் சொல்லி முடித்தேன். மறுநாள் காலை குழாயடியில் கூச்சல் கேட்டு எட்டிப் பார்த்தேன். வரிசையில் முந்தப் பார்த்த ஒருத்தியின் குடத்தை அம்மா கையால் தடுத்துக்கொண்டிருந்தாள்.

"பின்னால போ தாயி. நானும் இந்த லைன்காரிதான்."